கையெழுத்துப் போட்ட 240 மணி நேரம் எங்கே?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பொதுப்பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் தங்கியிருக்க வேண்டும். விதி இதுதான். இந்த விதியை நிறைவேற்றியவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வோர் ஆண்டும் கட்டுக்கட்டாகச் சான்றிதழ் வழங்குகின்றன. கையெழுத்தும் முத்திரையும் அதில் பிழையின்றி இருக்கின்றன. ஆனால் பல கல்லூரிகளில் அந்தப் பணி நடக்கவே இல்லை. ஆண்டு முடிவில் ஒரே மாலையில் உட்கார்ந்து வேலை ஏட்டை நிரப்புகிறார்கள். இது பொறுப்பாசிரியரான திட்ட அலுவலருக்குத் தெரியும், முதல்வருக்குத் தெரியும், எழுதுகிற மாணவருக்கும் தெரியும். பொய்க் கணக்கு எழுத, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கல்வி நிறுவனமே பழக்கிக்கொடுக்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நேர்மையாக நடக்கும் அலகுகளும் இருக்கின்றன. கைக்காசில் அரிசி பருப்பு வாங்கி முகாம் நடத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீது நமக்கு மதிப்புதான். நம் கோபம் அவர்களைத் தனியே தவிக்கவிட்டு, நடத்தியவருக்கும் நடத்தாதவருக்கும் ஒரே கணக்கு எழுதும் நிர்வாகங்கள் மீது.

காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள் என்று தொடங்கியது இன்று நாடு முழுவதும் சுமார் 40 லட்சம் மாணவர்களாகப் பெருகியிருக்கிறது. ஊரார் வரிப்பணத்தில் படிப்பவர்கள் ஊரைப் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போய்விடக் கூடாது என்ற கவலைதான் அதன் வேர். ஆசிரியருக்கும் அதில் சமப் பங்கு வைத்திருந்தார்கள். நூறு மாணவர் கொண்ட ஓர் அலகுக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு என்று விதித்ததன் பொருள், அவரும் மாணவரோடு தெருவில் இறங்க வேண்டும் என்பதே.

இன்று ஒரு சிறப்பு முகாம் எப்படி நடக்கிறது? முதல் நாள் தொடக்க விழா. பிளக்ஸ் பேனர், சால்வை, சிறப்பு விருந்தினர் உரை. இரண்டாம் நாள் பள்ளி வளாகத்தில் குப்பை பொறுக்குதல். மூன்றாம் நாள் விழிப்புணர்வுப் பேரணி. அடுத்து மரக்கன்று நடுதல், கோயில் உழவாரப் பணி, ஒரு கண் மருத்துவ முகாம். ஏழாம் நாள் நிறைவு விழா, மீண்டும் சால்வை. பல இடங்களில் மாணவர்கள் ஊரில் தங்குவதே இல்லை. காலையில் கல்லூரிப் பேருந்தில் வந்து மாலையில் திரும்புகிறார்கள். நட்ட கன்றுக்கு எட்டாம் நாள் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அடுத்த ஆண்டு அதே குழியில் வேறு கன்று. ஊர் மக்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாராவது வந்தால் உட்கார நாற்காலி எடுத்துப் போடுகிற மரியாதை அவர்களுக்கு இருப்பதால் ஒன்றும் கேட்பதில்லை.

முகாம் ஊருக்குள் எதுவரை போகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான கிராமங்கள் ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் பிரிந்து கிடக்கின்றன. முகாமுக்கு இடம் கொடுப்பவர், சாப்பாட்டுக்கு உதவுபவர், மேடையில் அமர்பவர் யார் என்று பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் ஊர்த்தெருப் பெரியவர்களாக இருக்கிறார்கள். பேரணி அவர்கள் தெருவோடு திரும்பிவிட்டால் அந்த மாணவர்கள் எந்த ஊரைப் பார்த்தார்கள்? குழாயில் தண்ணீர் வராத தெரு எது, சுடுகாட்டுப் பாதை இல்லாதவர்கள் யார், எந்தத் தேநீர்க் கடையில் இன்னும் வேறுபாடு காட்டுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு வாரத்தில் ஒரு கல்லூரி விசாரித்து எழுதியிருந்தால் அது சமூகப் பணி. இந்தக் கேள்விகளைத் தவிர்க்கத்தான் குப்பை பொறுக்கும் வேலை வசதியாக இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். முதலாம் தலைமுறைப் பட்டதாரிகளாகக் காலனியிலிருந்தே வந்து படிக்கும் மாணவர்கள் முகாம் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மனதில் இது என்ன எழுதிவிட்டுப் போகும் என்று நிர்வாகங்கள் ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டும்.

இந்தச் சீரழிவுக்குப் பணப் பற்றாக்குறை ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. பல ஆண்டுகளாக ஒரு மாணவருக்கு வழக்கமான பணிக்கு ஆண்டுக்கு 250 ரூபாய், சிறப்பு முகாமுக்கு 450 ரூபாய் என்றே ஒதுக்கினார்கள். 450 ரூபாயை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 ரூபாய்கூட வரவில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, வண்டி வாடகை, மண்வெட்டி எல்லாம் அதற்குள். தொகை பின்னர் சற்று உயர்ந்தாலும், முகாம் முடிந்து பல மாதம் கழித்துப் பணம் வருவதாகத் திட்ட அலுவலர்கள் சொல்வது நிற்கவில்லை. முழுச் செலவையும் 2016 முதல் மத்திய அரசே ஏற்றிருக்கிறது. பணத்தைக் காலத்தில் அனுப்ப முடியாத ஓர் அரசு, அறிக்கையை மட்டும் காலத்தில் கேட்பது முறையல்ல.

ஆனால் பெரிய காரணம் பணமல்ல, புகைப்படம். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பு, ஊருக்குள் செய்யும் விரிவாக்கப் பணிக்கும் மதிப்பெண் வைத்திருக்கிறது. நல்ல நோக்கம்தான். அந்த மதிப்பெண்ணுக்கு அது கேட்கும் சான்று என்ன? எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மாணவர், தேதியும் இடமும் பதிந்த ஜியோ டேக் படம். நிகழ்ச்சியால் ஊரில் என்ன மாறியது என்பது அந்தக் கணக்கில் பின்னுக்குப் போய்விடுகிறது. எதை எண்ணுகிறார்களோ அதைத்தான் கல்லூரிகள் உற்பத்தி செய்யும். அதனால் ஐந்து ஆண்டு ஒரே ஊரில் ஒரே வேலையைத் தொடர்ந்த கல்லூரியைவிட, ஐம்பது ஊரில் ஐம்பது பேனர் பிடித்த கல்லூரி தாளில் உயர்ந்து நிற்கிறது. 2023 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவே வளாகங்களில் செல்ஃபி எடுக்கும் இடம் அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. உயர்கல்வியின் தலைமை அமைப்பே படத்தை இவ்வளவு பெரிதாக எண்ணினால், ஒரு மூலையில் இருக்கும் அரசு கலைக் கல்லூரியின் முதல்வர் வேறு எப்படி நடந்துகொள்வார்?

அடுத்த குற்றம், மாணவர்களைக் கூட்டம் சேர்க்கப் பயன்படுத்துவது. அமைச்சர் வந்தால் வரிசையில் நிற்க, ஆட்சியர் தொடங்கிவைக்கும் பேரணிக்குத் தலை எண்ணிக்கை காட்ட, அரங்கம் காலியாகத் தெரியாமலிருக்க, பட்டமளிப்பு விழாவில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொள்ள: எல்லாவற்றுக்கும் என்.எஸ்.எஸ். பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். வெயிலில் மூன்று மணி நேரம் நிற்க வைத்துவிட்டு அதையும் 120 மணி நேரத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். இது சேவையல்ல, சம்பளமில்லாத ஏவல். இதற்கு ஆணையிட்ட அதிகாரிகளும், மறுக்காமல் அனுப்பிவைத்த முதல்வர்களும் ஒரே அளவுக்குக் குற்றவாளிகள்.

மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று இவர்கள் சொல்லிவிட முடியாது. 2015 சென்னை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் உணவுப் பொட்டலமும் பால் பாக்கெட்டும் சுமந்து போனவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்த நகரத்துக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தபோதும் எந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திராமல் மாணவர்கள் போனார்கள். வேலை உண்மையானதாக இருந்தால் அவர்கள் வருகிறார்கள். பொய்யானதைக் கொடுத்தால் ஏட்டை நிரப்பிவிட்டுப் போகிறார்கள்.

உண்மையாகச் செய்த வரலாறும் நம்மிடமே இருக்கிறது. டாக்டர் சௌந்தரம், ஜி. ராமச்சந்திரன் இருவரும் 1956-ல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனத்தில் சுற்றுவட்டார ஊர்களில் தங்கிப் படிப்பது பாடத்திட்டத்தின் அங்கமாகவே இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1977-ல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் ருசா என்ற ஊரக மையத்தை நிறுவி, தலைமுறை தாண்டியும் அதே வட்டாரத்தில் நிற்கிறது. வேளாண் கல்லூரி மாணவர்கள் பட்டத்துக்கு முன் கிராமத்தில் உழவர்களோடு தங்கி வேலை பழகியாக வேண்டும். அதற்குப் பாட மதிப்பு உண்டு. சமூகப் பணி படிப்பவர்களுக்குக் களப்பணி வாரந்தோறும் உண்டு, அதைக் கண்காணிக்க ஆசிரியர் உண்டு, களத்தில் தோற்றால் தேர்விலும் தோல்விதான்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அரசு இயந்திரத்தை அதன் பின்னால் நிறுத்தினார். பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் கல் உடைக்கும் இடத்துக்கும் களத்து மேட்டுக்கும் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த இயக்கத்தின் முகமாகவே மாறியது. அங்கே ஒவ்வொரு தொண்டருக்கும் ஒரு தெரு இருந்தது, பெயர் தெரிந்த சில பெண்கள் இருந்தார்கள், மாலை ஏழு மணிக்கு அவர் வரவில்லையென்றால் கேட்பதற்கு ஆள் இருந்தது. இன்றைய முகாமில் இல்லாதது அந்தப் பொறுப்புதான்.

இந்த எல்லா எடுத்துக்காட்டிலும் ஊர்ப் பணி பெயருக்கு ஒட்டிவைத்த ஒன்றல்ல. மற்றக் கலை அறிவியல் கல்லூரிகளில் நிலைமை என்ன? இளநிலைப் பட்டத்தின் 140 தரப்புள்ளிகளில் பகுதி ஐந்து என்ற பெயரில் விரிவாக்கப் பணிக்கு ஒரே ஒரு புள்ளி. தேர்வு இல்லை, கேள்வி இல்லை, பெயர் கொடுத்தாலே தேர்ச்சி. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பொறியியல் மாணவர் சேர்ந்ததும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு, இளையோர் செஞ்சிலுவை ஆகியவற்றில் ஒன்றில் பதிந்தாக வேண்டும். பதிவதோடு பல கல்லூரிகளில் அது முடிந்துவிடுகிறது. மானியக் குழு வெளியிட்ட சமூகப் பொறுப்புப் பாடத்திட்டம் இரண்டு தரப்புள்ளியில் ஒரு பாடம் வைக்கச் சொல்கிறது; அதில் பாதி நேரமாவது களத்தில் கழிய வேண்டும் என்கிறது. இந்தப் பாடத்திட்டம் தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. அந்தக் கொள்கையை எதிர்க்கத் தமிழ்நாட்டுக்கு எல்லா உரிமையும் உண்டு, அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. அதற்காக ஊர்ப் பணிக்கு மதிப்புக் கொடுக்கும் ஒரு யோசனையையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மாநில உயர்கல்வி மன்றம் தன் பெயரிலேயே இதைவிட நல்ல பாடம் ஒன்றை வகுக்கலாம். இதுவரை வகுக்காதது அதன் குற்றம்.

உன்னத பாரத இயக்கத்தின் கதையும் இதுவே. 2014-ல் தொடங்கிய அந்த மத்தியத் திட்டத்தில் சேரும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து கிராமங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். என்.எஸ்.எஸ்.ஸுக்கு ஏற்கெனவே ஒரு கிராமம். ஆக ஆறு கிராமத்தின் பெயர் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அந்த ஆறு ஊரின் மக்களில் எத்தனை பேருக்கு இந்தக் கல்லூரி தங்களுக்குக் கடமைப்பட்டது என்று தெரியும்?

ஆசிரியர்கள் பக்கம் வருவோம். பதவி உயர்வுக்கான 2018-ஆம் ஆண்டு மானியக் குழு விதிகளில் என்.எஸ்.எஸ்., சமூக சேவை எல்லாம் மாணவர் மன்றம், கல்விச் சுற்றுலா, கலை நிகழ்ச்சி ஆகியவற்றோடு ஒரே வரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்று ஆண்டு ஒரு கிராமத்தில் உழைத்த ஆசிரியரும், ஒரு கலைவிழாவுக்கு மேற்பார்வை பார்த்தவரும் அந்த ஒரே கட்டத்தில்தான் குறி போட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கோ ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். புத்தியுள்ள இளம் ஆசிரியர் எங்கே நேரம் செலவிடுவார்? வேலைப்பளுக் கணக்கில் திட்ட அலுவலருக்கு ஒரு பாட வேளைகூடக் குறைக்காத கல்லூரிகள் உண்டு. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் ஐந்து ஆண்டு ஊர்ப் பணியைக் கேட்பது அநியாயம்.

ஆசிரியர்களும் தங்கள் துறை அறிவைக் கல்லூரிச் சுவருக்குள் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்குள்ள வேதியியல் துறைகள் ஆண்டுதோறும் ஊர் ஊராகக் கிணற்று நீரைச் சோதித்து, எந்தக் கிணறு குடிக்க ஆகாது என்று சுவரில் எழுதிவைத்தால் அதைவிடப் பெரிய செய்முறைத் தேர்வு என்ன இருக்கிறது? ராணிப்பேட்டை, ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீருக்கும் இது பொருந்தும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் முளைத்தவை; இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றின் வரவு செலவுப் புத்தகத்தைச் சரிபார்க்கவும், நுண்கடன் நிறுவனம் வாங்கும் வட்டி உண்மையில் எத்தனை விழுக்காடு என்று கணக்குப் போட்டுக் காட்டவும் வணிகவியல் மாணவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? சட்டக் கல்லூரிகளுக்குச் சட்ட உதவி மையம் நடத்தும் கடமையே இருக்கிறது. பல இடங்களில் அது பூட்டிய அறையாகக் கிடக்கிறது.

எல்லாவற்றிலும் எளிய வாய்ப்பு ஒன்று கண் முன்னால் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அதாவது நம் கல்லூரி மாணவர்களில் பதினெட்டு நிறைந்து, ஊரில் வாக்கு உள்ள அத்தனை பேரும் உறுப்பினர்கள். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. கல்லூரி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் படிப்பில் இருக்கும் மாநிலத்தில், அவர்கள் கிராம சபைக்குப் போய் ஊரக வேலைத் திட்டக் கணக்கையும் ஊராட்சியின் வரவு செலவையும் கேட்டால் ஊராட்சி நிர்வாகம் எப்படி மாறும்! ஆனால் ஆகஸ்ட் 15 அன்று என்.எஸ்.எஸ். மாணவர் எங்கே இருக்க வேண்டும் என்கிறது கல்லூரி? கொடியேற்றத்துக்குக் கல்லூரி வளாகத்தில், சீருடையில், வருகைப் பதிவுக்கு. சொந்த ஊரின் சபைக்குப் போகிறேன் என்றால் வராதவர் என்று குறிக்கிறார்கள். குடிமைப் பயிற்சியின் பெயராலேயே குடிமகனின் கடமையைத் தடுக்கும் இந்த வழக்கம் உடனே ஒழிய வேண்டும்.

வளாகத்துக்குள்ளேயும் மாணவர் கேள்வி கேட்பார் என்ற பயம்தான். மாணவர் பேரவைத் தேர்தல் நடத்துவதற்கு லிங்டோ குழு 2006-லேயே வழிமுறை வகுத்துக் கொடுத்தது, உச்ச நீதிமன்றமும் ஏற்றது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை நிர்வாகம் கைகாட்டும் சிலரைப் பேரவை என்று அறிவித்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றன. தன் வகுப்புப் பிரதிநிதியைக்கூடத் தேர்ந்தெடுக்க விடாத பிள்ளையிடம் வாக்காளர் விழிப்புணர்வுப் பதாகையைக் கொடுத்துத் தெருவில் நடக்கவிடுவதில் என்ன நேர்மை?

துணைவேந்தர் நியமனச் சண்டையில் பல பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் தலைமையின்றிக் கிடந்ததை நாம் அறிவோம். அதைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். ஆட்சிமன்றக் குழுக்கள் கூடிக்கொண்டுதான் இருந்தன; கட்டண உயர்வுக்குத் தீர்மானம் போட முடிந்தவர்களுக்கு ஊர்ப் பணியைச் சீர்செய்யவும் முடியும்.

வரும் கல்வியாண்டு தொடங்குமுன் உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும்: என்.எஸ்.எஸ்., செஞ்சிலுவை மாணவர்களை வரவேற்புக்கும் விழாக்களுக்கும் கூட்டத்துக்கும் அனுப்பக் கூடாது. அனுப்பும் முதல்வர் விளக்கம் தர வேண்டும். ஒரு கல்லூரி ஒரே கிராமத்தையோ நகரத்தில் ஒரே வார்டையோ எடுத்துக்கொண்டு குறைந்தது ஐந்து ஆண்டு அங்கேயே நிற்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்பதை அந்த ஊரின் கிராம சபையில் வைத்துக் கேட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். காலனி மக்கள் கேட்பது அதில் முதலிடம் பெற வேண்டும். ஆண்டு முடிவில் அதே சபையில் அறிக்கை படிக்க வேண்டும். நாக் அமைப்பு தன் படக் கணக்கை நிறுத்திவிட்டு அந்தச் சபையின் தீர்மானத்தைச் சான்றாகக் கேட்கட்டும். விரிவாக்கப் பணியின் ஒற்றைப் புள்ளியை நான்காக உயர்த்தி, மாணவர் படிக்கும் துறையோடு அந்தப் பணியை இணைக்க வேண்டும். சொந்த ஊர்க் கிராம சபையில் கலந்துகொண்டால் அதைப் பணி நேரமாக ஏற்க வேண்டும். திட்ட அலுவலருக்கு வாரம் நான்கு பாட வேளை குறைத்து, அவர் களத்தில் செய்ததற்குப் பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்கு இணையான இடம் கொடுக்க வேண்டும். முகாம் தொகையை மத்திய அரசு முகாமுக்கு முன்னரே அனுப்ப வேண்டும். தாமதமானால் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து முன்பணம் தந்து பிறகு ஈடுகட்டிக்கொள்ளட்டும்.

இவற்றுக்குக் காலமெடுக்கும் என்று பதில் வரலாம். ஒன்றுக்கு மட்டும் காலமே தேவையில்லை. இந்த ஆண்டு சான்றிதழ்கள் இன்னும் முதல்வர்களின் மேசைக்கு வரவில்லை. அவை வரும்போது ஒவ்வொரு பெயருக்கும் நேராக அந்த மாணவர் எந்த ஊரில், எந்த நாளில், என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். பதில் இல்லாத பெயருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.